ஏழாவது குட்டிச்சாத்தான்

ஜூரோங் வெஸ்ட்,
எங்கள் புளோக்கின் வாய்ட் டெக்.
சதுரங்கத்துக்கென்று கல்மேசையில் பதித்த கட்டங்களில்
ஒரு கட்டம் ஐந்தடி என்று கொள்க.
டிஷ்யூ பாக்கெட் இடிந்த மதில்.
கோப்பி போத்தல் மூடி திருமாறனின் வில்லாளி.
ஐந்து காசு ஒவ்வொன்றும்
ஒரு குட்டிச்சாத்தான்.

மொத்தம் ஏழு. என் நோட்டில் இருக்கிறது.

"பகடை வேண்டாம்" என்றேன்.
"அதுங்க ஒளிஞ்சதுக்கு எதிரா
உங்க சும்மாக்கவனம் போதும்."
சும்மாக்கவனம்:
தேடாதபோதும் பார்த்துக்கொண்டிருக்கும் கண்.
கூடத்தில் டிவி அலற
அடுப்பில் பால் பொங்குவது கேட்கும் காது.
பத்தோடு கொஞ்சம் கூட்டி
தாளின் ஓரத்தில் எழுதிவைத்த எண்.

கமருன்னிசாவுக்குப் பதினாறு.
திருமாறனுக்குப் பதினொன்று. ஜெரால்டுக்கு ஒன்பது.
கமரு மட்டும் பார்த்தாள்,
மதில் விளிம்பில் ஒரு ஈட்டி நுனி.
ஒன்றைக் கண்டாலும் திகைப்பில்லை என்பது விதி.
மற்ற இருவரும் முதல் சுற்றில் கல்.

திருமாறன் விடவில்லை.
"டபுள் டெக்கர் ஓட்டுறேன்.
நாளைக்கு ஆயிரம் தடவை கண்ணாடி பார்க்கிறேன்.
என் ஆளையா திகைக்க வைக்கிறே?"
"உன் ஆள் பஸ் ஓட்டல."
"காட்டுல நடக்கிறவன் பின்னால பார்க்க மாட்டானா?"
"பார்த்தான். பதினொன்று அளவுக்குப் பார்த்தான்."

கமருவின் சந்தேகம் வேறு.
"நான் ஒன்னைத்தானே பார்த்தேன்.
மத்த ஆறு எனக்குத் தெரியாது.
தெரியாத அம்புக்கு எப்படித் தயாரா இருப்பேன்?"
அவசரப் பிரிவில் நெஞ்சுவலிக்காரரைக்
கவனித்துக்கொண்டிருந்தபோது
வெறும் தலைச்சுற்றல் என்று வந்த பக்கத்துக் கட்டில்
போய்ச்சேர்ந்த கதையை
அவள் இப்போது சொல்லவில்லை.
போன மாதம் சொல்லியிருந்தாள்.

விதியைத் திரும்ப வாசித்தேன், மெதுவாக.
திகைப்பு அம்பைப் பற்றியதல்ல, உடம்பைப் பற்றியது.
ஒரு ஈட்டி நுனி போதும்
உடம்பு விழித்துக்கொள்ள.
ஆனால் வரும் திசை தெரியாத அம்பு
சுலபமாகத்தான் தைக்கும்.
அது வேறு பத்தி, வேறு பக்கம்.

"அப்ப முழிச்சிக்கிட்டே அடி வாங்கணும்."
"ஆமா."
ஜெரால்ட் கச்சாங் பூத்தே பொட்டலத்தைப் பிரித்தான்.
திகைத்து நிற்பதில் அவனுக்கு ஆட்சேபமே இல்லை.

பத்தே காலுக்குத் தூணருகிலிருந்து ஒரு குரல்:
"அக்கா, அங்க ஆறுதான் இருக்கு."

நாலு பேரும் துள்ளினோம்.
பள்ளிச் சட்டையை வெளியே விட்ட பையன்.
கையில் மைலோ பாக்கெட்,
கடைசிச் சொட்டும் உறிஞ்சப்பட்டு நசுங்கியிருந்தது.
அது தீரும்வரை நின்றிருக்கிறான்.
பதினாறு பார்க்கவில்லை.
ஆயிரம் கண்ணாடியும் பார்க்கவில்லை.
"இதுக்குத் திகைப்பு உண்டா?" என்றான் ஜெரால்ட்.
விதி ஆபத்தை மட்டும்தான் கேட்கிறது.
மைலோவைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

எண்ணினேன். ஆறு.
மறுபடி விரல் வைத்து. ஆறு.
நானே உண்டாக்கி நானே ஒளித்துவைத்து
எந்தக் கட்டத்தில் நிற்கிறதென்று
எனக்கே தெரியாமல் ஒன்று.

ஃபோன் வெளிச்சத்தில் மேசைக்கடியில் குனிந்தோம்.
இது சும்மாக்கவனம் இல்லை, தேடல்,
பகடை உருட்ட வேண்டிய வகை.
கிடைத்தது ஒரு ரப்பர் பேண்ட்,
யாருடையதோ காது வளையம்,
எறும்பு.

ஆறாம் மாடியிலிருந்து யாரோ
"தர்ஷிக்!" என்று கத்த
பையன் லிஃப்டுக்கு ஓடினான்.
கதவு மூடுமுன்
"தூணுக்குப் பின்னால இருக்கலாம்" என்றான்.
புளோக்கின் தூணா,
சாக்குக்கட்டியால் நான் மேசையில் வரைந்த தூணா,
சொல்லவில்லை.

திருமாறனுக்கு விடிகாலை முதல் பஸ்.
ஆறோடு முடிச்சிடலாமா என்று கேட்டான்.
நோட்டைப் பார்த்தேன்.
ஏழு என்றுதான் இருந்தது, மைபேனாவில்.
கீழே குட்டிச்சாத்தான்களின் கவனம், ஒளியும் திறன்,
அம்பு தைத்தால் எவ்வளவு.
என்னுடைய எண் எந்தப் பக்கத்திலும் இல்லை.

"முதல் சுற்றில் யாரும் நகர முடியாது" என்றேன்.
"நானும்தான்."